நான் திருத்தாத சொல்

"எங்கே வலி என்று கேளுங்கள்" என்றார் டொக்டர் அபேகோன்.
கேட்டேன்.
கட்டைபறிச்சானிலிருந்து முதல் பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்த
நாகபூசணி, ஐம்பத்திரண்டு வயது, தையல்காரி,
தொப்புளுக்கு மேலே காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.
தொடவில்லை.
"நோகேல்லப் பிள்ளை.
அந்தரமாக் கிடக்கு."

நாலு வருடமாய் இந்த மேசையோரம்
இரண்டு மொழிகளுக்கு நடுவே
பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன்.
நெஞ்செரிவு, குத்துளைவு, சத்தி, வயிற்றோட்டம்
எதற்கும் அந்தக் கரையில் ஒரு சொல் உண்டு.
காசு மாற்றுவதுபோல் மாற்றிக் கொடுப்பேன்.
இதற்கு மட்டும் கையில் சில்லறை இல்லை.

அந்தரத்துக்கு ஆயிரம் ரூபாய் தா என்றால், அவசரம்.
நூலறுந்த பட்டம் நிற்பதும் அந்தரம்.
வீட்டு அகராதியில்
கறையான் தின்றது போக மிச்சம்:
வெளி, வானம், நடு, இடைவெளி, உள்.
வானத்துக்கும் வயிற்றுக்கும் ஒரே பெயரா
என்று புரட்டினால்
கொஞ்சம் தள்ளி, தனியே, ஒரு வரியில்
அந்திரம்: குடல்.
வடக்கிலிருந்து ஒரே வண்டியில் வந்த உறவுகள்.
ஒன்று சந்தையில் இறங்கி எல்லார் வாயிலும் புகுந்தது.
மற்றது வைத்தியர் வீட்டோடு தங்கி
ஆருக்கும் தெரியாமல் செத்துப்போனது.
செத்ததன் வேலையையும்
இருப்பதுதான் பார்க்கிறது போலும்.

இதையெல்லாம் டொக்டருக்கு எப்படிச் சொல்ல?
வரிசையில் இன்னும் நாற்பது பேர்.

அவர் பேனை நின்றது.
என் வாயைப் பாராமல் அவள் வாயைப் பார்த்துக் கேட்டார்:
"அந்தராவக்த?"

அவருடைய மொழியில் அது ஆபத்து.
ஆபத்தா என்கிறார்,
அவள் சொல்லாத ஒன்றைத் தன் காதால் பிடித்துக்கொண்டு.
இல்லை டொக்டர், ஓசைதான் ஒன்று, சொல் வேறு.
இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
வாய் திறந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மான் ஒன்று
தெருவைக் கடக்க வந்து, கடக்காமல் நின்றது.
வாகனம் எதுவும் இல்லை. நாய்கூட இல்லை.
அதன் வயிற்றுத் தோல் மட்டும்
ஒருதரம் சுளித்து அடங்கியது.

ஓம் என்று நான் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை.
குளிசை எழுதி அனுப்பவேண்டிய ஆளுக்கு
அந்த ஒரு சொல்லுக்காக ஓர் இரவுக் கட்டில் கிடைத்தது.
அவள் என்னோடுதான் சண்டை பிடித்தாள்:
ஆட்டுக்கு ஆர் குழை போடுறது,
பள்ளிக்கூடச் சட்டை பதினொண்டு வெட்டினபடி கிடக்கு,
நீ என்னத்தைச் சொன்னனி அந்தாளுக்கு?

காலையில் எட்டாம் கட்டிலில் மடித்த விரிப்பு.
படியில் இருந்துவிட்டேன்.
தாதி தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னாள்,
இரண்டே காலுக்கு எடுத்த தாளில் கோடு ஏறிவிட்டதாம்,
மாரடைப்பு சிலருக்கு வயிற்று வழியாக வருமாம்,
ஐ.சி.யு.வில் இருக்கிறாளாம்,
தேநீருக்குச் சீனி காணாதென்று ஏசுகிறாளாம்.

அபேகோன் நடைபாதையில் மறித்தார்.
"நேற்று அவர் ஆபத்து என்றுதானே சொன்னார்?"
இந்த முறை உண்மையைச் சொன்னேன்.
வட்டத்தையும் போட்டுக் காட்டினேன்.
"ஓ" என்றார். "பட பப்புவ பத்துவெனவா.
வயிறும் நெஞ்சும் பற்றி எரியுது என்போம், எங்கள் ஊரில்."

இருந்திருக்கிறது, சில்லறை.
நேற்று அது என் கையில் இருந்திருந்தால்
சரியாக மாற்றிக் கொடுத்திருப்பேன்.
எரிவுக்கு மருந்து எழுதியிருப்பார்.
அவளும் பின்னேர பஸ்ஸில் போயிருப்பாள்,
மடியில் குளிசைப் பையோடு,
இறால்குழிப் பாலம் வரைக்குமாவது.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.
கதிரையை இழுத்துப் போடுகிறேன்.
இன்று காலை மட்டும்
அந்தச் சொல்லோடு ஆறு பேர் வந்திருக்கிறார்கள்.
கட்டில் இரண்டு.